சரத்தில் ஒரு முழம்: பெயர்ப்பட்டியலைச் சீர்செய்யும் ஐந்து சூத்திரங்கள்

இந்தப் பாடம் கணினித் துறையில் படிப்பவர்களுக்காக மட்டும் எழுதியது அல்ல. கிளையில் செயலாளர், பொருளாளர், முகாம் பொறுப்பாளர் என்று ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பவர்கள், நாளைக்கு அந்தப் பொறுப்புக்கு வரப்போகிறவர்கள், எல்லாருக்கும் இது பயன்படும்.

எங்கள் கிளையில் உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புலனத்தில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "அண்ணே, பெயர் இருக்கு, ஐசி நம்பர் இருக்கு. 30 வயசுக்குக் கீழே எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்னு மேலிடத்துல கேக்குறாங்க. ஒவ்வொண்ணா எண்ணணுமா?"

எண்ண வேண்டாம். கேட்ட பதில் அந்த 12 இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்கத் தெரிந்தால் போதும்.

இதைச் சரியாகச் செய்வது ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2007-ஆம் ஆண்டின் இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் 2019-இல் ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அது இளைஞர் என்பதற்கான உச்ச வயதை 40-இலிருந்து 30-ஆக இறக்கியது. ஆகவே யார் செயலவைக்குப் போட்டியிடலாம், யார் இளைஞர் கணக்கில் வருவார்கள் என்பதெல்லாம் பிறந்த தேதியைப் பொறுத்தது. பட்டியலில் ஒரு கட்டம் பிசகினால் ஒருவருடைய வாய்ப்பே போய்விடும்.

சரம் என்றால் என்ன?

கணினியில் எழுத்தும் எண்ணும் குறியும் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தால் அதற்குச் சரம் என்று பெயர். நல்ல பெயர். கோயில் வாசலில் பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை முழம் போட்டு வெட்டித் தருவார்கள், பார்த்திருப்பீர்கள். எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் சரியாக ஒரு முழம் கிடைக்கும். இங்கேயும் அதே கணக்குதான்.

எக்செல், கூகிள் ஷீட்ஸ் இரண்டிலும் ஒரே சூத்திரங்கள். இங்கே அவற்றைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

லெஃப்ட்: இடப்பக்கத்திலிருந்து இத்தனை எழுத்து.
ரைட்: வலப்பக்கத்திலிருந்து இத்தனை எழுத்து.
மிட்: நடுவில், இந்த இடத்தில் தொடங்கி இத்தனை எழுத்து.
லென்: மொத்தம் எத்தனை எழுத்து.
ஃபைண்ட்: தேடும் சொல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது.

ஐசி எண்ணைப் படிப்பது

நம் நாட்டில் 12 இலக்க அடையாள அட்டை எண் 1990-இல் வந்தது. மைகாட் 2001-இல் வந்தது. எண்ணின் அமைப்பு மாறவில்லை. முதல் 6 இலக்கம் பிறந்த தேதி: ஆண்டு 2, மாதம் 2, நாள் 2. அடுத்த 2 இலக்கம் பிறந்த இடம்: ஜொகூர் 01, கெடா 02, பேராக் 08, சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14 என்று போகும். கடைசி 4 வரிசை எண். அதிலும் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

கற்பனையாக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம்: 050314-10-0000. ஒரு தங்கை, 2005 மார்ச் 14-ஆம் தேதி சிலாங்கூரில் பிறந்தவர்.

ஏ நெடுவரிசையில் பெயர், பி-யில் உறுப்பினர் கொடுத்த ஐசி எண், சி-யில் நாம் சுத்தம் செய்த எண். வெட்டும் சூத்திரங்கள் இவை:

ஆண்டு, டி2 கட்டத்தில்: =லெஃப்ட்(சி2,2). விடை 05.
மாதம், இ2-இல்: =மிட்(சி2,3,2). விடை 03.
நாள், எஃப்2-இல்: =மிட்(சி2,5,2). விடை 14.
பிறந்த இடம்: =மிட்(சி2,7,2). விடை 10.
கடைசி இலக்கம்: =ரைட்(சி2,1). விடை 0.

மிட் சூத்திரத்தில் முதல் எண் தொடங்கும் இடம், இரண்டாவது எண் நீளம். "3-இலிருந்து 2 வரை" என்று படித்துக் குழம்பிவிடாதீர்கள். "3-ஆம் இடத்தில் தொடங்கி, 2 எழுத்து" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மறக்காது.

பைத்தான் படிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. எக்செல் 1-இலிருந்து எண்ணும், பைத்தான் 0-இலிருந்து எண்ணும். அதோடு பைத்தானில் இரண்டாவது எண் நீளம் இல்லை, முடியும் இடம். மாதத்தை எடுக்க அங்கே 2:4 என்று போட வேண்டும்.

காணாமல் போகும் பூஜ்யம்

இந்தப் பாடத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசி எண் பார்க்க எண் மாதிரி இருந்தாலும் அது எண் அல்ல. அதை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அது ஒரு பெயரைப் போன்றது. கணினிக்கு இது தெரியாது. கோடு இல்லாமல் 050314100000 என்று தட்டினால், அது எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தூக்கிவிடும். மிச்சம் 50314100000, மொத்தம் 11 இலக்கம்.

இப்போது அதே சூத்திரங்களை ஓட்டுங்கள். ஆண்டு 50. மாதம் 31. நாள் 41. இதைப் பிறந்த தேதியாக மாற்றச் சொன்னால் எக்செல் பிழை காட்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? காட்டாது. 1950-இன் 31-ஆவது மாதம் என்றால் 1952 ஜூலை என்று எண்ணிக்கொள்ளும். அந்த ஜூலையின் 41-ஆம் நாள் என்றால் ஆகஸ்டு 10. ஆக, 2005-இல் பிறந்த தங்கை 1952 ஆகஸ்டு 10-இல் பிறந்த பாட்டியாகிவிடுவார். எச்சரிக்கை எதுவும் வராது. "30 வயதுக்குக் கீழ்" என்று வடிகட்டும்போது அவர் பெயர் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

இது யாரையெல்லாம் பாதிக்கும் என்று பாருங்கள். ஐசி எண் பூஜ்யத்தில் தொடங்குவது 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்குத்தான். நம் கிளைகளில் அதிகம் ஓடியாடி வேலை செய்வதும் அவர்கள்தான். பதிவேட்டில் முதலில் தொலைவதும் அவர்களேதான்.

தடுக்க மூன்று வழிகள்.

முதல் வழி: எதையும் தட்டுவதற்கு முன், ஒட்டுவதற்கு முன், அந்த நெடுவரிசை முழுவதையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். எண்ணைத் தட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

இரண்டாவது வழி: படிவத்தில் "கோடு போட்டு எழுதவும்" என்று கேளுங்கள். 050314-10-0000 என்று நடுவில் கோடு இருந்தால் கணினி அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. பூஜ்யம் தப்பிக்கும்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே பூஜ்யம் போய்விட்ட பட்டியலுக்கு. சி2 கட்டத்தில் இதைப் போடுங்கள்:

=ரைட்(ரெப்ட்("0",12)&சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(பி2,"-","")," ",""),12)

பார்க்க நீளமாக இருக்கிறது, ஆனால் உள்ளிருந்து வெளியே படித்தால் சுலபம். சப்ஸ்டிடியூட் முதலில் கோடுகளை நீக்குகிறது, பிறகு இடைவெளிகளை. ரெப்ட் 12 பூஜ்யங்களை எழுதி அதன் முன்னால் ஒட்டுகிறது. கடைசியாக ரைட், வலப்பக்கத்திலிருந்து சரியாக 12 இலக்கத்தை வெட்டுகிறது. எத்தனை பூஜ்யம் தொலைந்திருந்தாலும் அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

ஆனால் ஒரு ஜாக்கிரதை. யாராவது அவசரத்தில் நடுவில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டுத் தட்டியிருந்தால், இந்தச் சூத்திரம் அதற்கும் முன்னால் பூஜ்யம் போட்டு 12 ஆக்கிவிடும். அதனால் லென் போட்டு, சுத்தம் செய்வதற்கு முன்பே 12 இல்லாதவற்றை, கோடு போட்டிருந்தால் 14 இல்லாதவற்றை, தனியாகக் குறித்துவையுங்கள். சுத்தம் செய்த பிறகு மாதம் 12-க்கு மேல், நாள் 31-க்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம், அந்த உறுப்பினரையே போனில் கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பிறந்த தேதி, வயது, பால்

வெட்டி எடுத்த துண்டு இன்னும் எழுத்தாகத்தான் இருக்கும். கணக்குப் போட வேல்யூ என்ற சூத்திரத்தால் எண்ணாக்க வேண்டும். இன்னொரு சிக்கல் நூற்றாண்டு. 05 என்றால் 2005-ஆ, 1905-ஆ? நடப்பு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தோடு ஒப்பிடுவோம். ஜி2 கட்டத்தில்:

=இஃப்(வேல்யூ(டி2)>வேல்யூ(ரைட்(இயர்(டுடே()),2)),1900,2000)+வேல்யூ(டி2)

இந்த ஆண்டைத் தாண்டிய எண் என்றால் 1900-களில் பிறந்தவர், இல்லையென்றால் 2000-க்குப் பிறகு. நூறு வயதை நெருங்கும் தாத்தா பாட்டிகளின் பட்டியலுக்கு இது சரிவராது. இளைஞர் பதிவேட்டுக்குத் தாராளமாகப் போதும்.

பிறந்த தேதி எச்2-இல்: =டேட்(ஜி2,வேல்யூ(இ2),வேல்யூ(எஃப்2)).
பால்: =இஃப்(இஸ்ஆட்(வேல்யூ(ரைட்(சி2,1))),"ஆண்","பெண்").

பிறந்த தேதி கையில் வந்துவிட்டால் வயது கணக்கு எளிது. பிறந்த இடத்தின் இரண்டு இலக்கத்தை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். அது பிறந்த மாநிலம், இப்போது குடியிருக்கும் மாநிலம் அல்ல. ஈப்போவில் பிறந்து கிள்ளானில் வேலை செய்யும் தம்பியைப் பேராக் பட்டியலில் போட்டால், கிள்ளானில் நடக்கும் நிகழ்ச்சிக்கு அவருக்கு அழைப்பே போகாது. முகவரியைத் தனியாகக் கேளுங்கள்.

பெயரை வெட்டும்போது

ஐசி எண்ணில் ஒவ்வொரு துண்டுக்கும் இடமும் நீளமும் நிலையானவை. பெயர் அப்படியில்லை. இங்கேதான் ஃபைண்ட் உதவிக்கு வருகிறது.

நம் பெயர்களில் ஏ/எல், ஏ/பி இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள். சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. இந்தக் குறிக்கு முன்னால் இருப்பது சொந்தப் பெயர், பின்னால் இருப்பது தந்தை பெயர்.

குமரன் ஏ/எல் முனியாண்டி என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குமரன் 7 எழுத்து. 8-ஆவது இடத்தில் இடைவெளி. அப்புறம் ஏ/எல், அதன் பின் மீண்டும் ஓர் இடைவெளி. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியோடு சேர்த்துத் தேடினால் ஃபைண்ட் 8 என்று சொல்லும்.

சொந்தப் பெயர்: =லெஃப்ட்(ஏ2,ஃபைண்ட்(" ஏ/எல் ",ஏ2)-1). அதாவது 7 எழுத்து.
தந்தை பெயர்: =மிட்(ஏ2,ஃபைண்ட்(" ஏ/எல் ",ஏ2)+5,லென்(ஏ2)).

ஏன் 5? இரண்டு இடைவெளி, இரண்டு எழுத்து, ஒரு சாய்கோடு. 8-உம் 5-உம் 13. தந்தை பெயர் அங்கேதான் தொடங்குகிறது. நீளத்துக்கு லென் போட்டது, மிச்சம் இருப்பது எவ்வளவானாலும் எல்லாவற்றையும் எடு என்பதற்காக.

ஃபைண்ட் சிறிய எழுத்து, பெரிய எழுத்து பேதம் பார்க்கும். சிலர் சிறிய எழுத்தில் தட்டியிருப்பார்கள். அதற்கு ஃபைண்டுக்குப் பதிலாக சர்ச் என்று போடுங்கள், அது பேதம் பார்க்காது. தங்கைகளின் பெயருக்கு ஏ/பி என்று தேட வேண்டும். இரண்டும் இல்லாத பெயர்களும் நிறைய உண்டு. அங்கே பிழைச் செய்தி வரும். முழுச் சூத்திரத்தையும் இஃப்எரர் என்பதற்குள் போட்டு, கிடைக்காவிட்டால் முழுப் பெயரையே காட்டு என்று சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாத ஒன்று, முதல் இடைவெளி வரைக்கும் வெட்டி "இதுதான் பெயர்" என்று வைத்துக்கொள்வது. சிவ குமார் வெறும் சிவ ஆகிவிடுவார். ஸ்ரீ தேவி வெறும் ஸ்ரீ ஆகிவிடுவார். நற்சான்றிதழில் அப்படி அச்சாகி, மேடையில் வாங்கும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா அப்பா பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அது.

தமிழ் எழுத்தை வெட்டினால்

தமிழிலேயே பதிவேடு வைத்திருக்கும் கிளைகளுக்கு இது. முருகன் என்ற பெயரில் எத்தனை எழுத்து? மு, ரு, க, ன். நான்கு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளையே சொல்லும். லென் சூத்திரத்தைக் கேளுங்கள், 7 என்று சொல்லும்.

கணினி தப்புச் சொல்லவில்லை. யூனிகோடில் உயிர்மெய் எழுத்துக்குத் தனி இடம் கிடையாது. மெய்வரிசைக்கு க, ம, ர என்று ஓர் இடம், அதனோடு சேரும் குறிக்கு இன்னோர் இடம். 'மு' என்பது ம-வும் உகரக் குறியும். 'ன்' என்பது ன-வும் புள்ளியும். ஆக 2, 2, 1, 2. மொத்தம் 7.

தலைப்பெழுத்து எடுக்கும்போது இது சிக்கலாகும். கோவிந்தன் மகனுக்கு 'கோ.' என்று வரவேண்டும். லெஃப்ட் போட்டு 1 எழுத்து எடுத்தால் 'க.' என்று வரும். சரி, எல்லாருக்கும் 2 எடுப்போம் என்றால் கமலா 'கம.' ஆகிவிடுவார். இரண்டாவது இடத்தில் இருப்பது குறியா, எழுத்தா என்று முதலில் பார்க்க வேண்டும். யூனிகோடில் தமிழ்க் குறிகள் 3006-இல் தொடங்கி 3021-இல், அதாவது புள்ளியில், முடிகின்றன. எழுத்துகள் எல்லாம் அதற்கு முன்னால். ஆகவே:

=இஃப்(யூனிகோட்(மிட்(ஏ2,2,1))>=3006,லெஃப்ட்(ஏ2,2),லெஃப்ட்(ஏ2,1))

கோவிந்தனுக்கு 'கோ', கமலாவுக்கு 'க', முருகனுக்கு 'மு' சரியாக வரும். ஸ்ரீ-யில் தொடங்கும் பெயர்களைக் கையால் திருத்த வேண்டும், அதற்குள் நான்கு குறியீடுகள் இருக்கின்றன. பைத்தான் தெரிந்தவர்கள் ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூல நூலகத்தைப் பாருங்கள். சொல்லைத் தமிழ் முறைப்படி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி அதில் உண்டு.

எவ்வளவு எடுக்கலாம்?

வெட்டத் தெரிந்துவிட்டது. இனி எதை வைத்துக்கொள்வது என்பதையும் பேச வேண்டும்.

ஐசி எண் ஒருவருடைய சொந்த விவரம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. நம்மைப் போன்ற சங்கத்தின் எல்லா வேலைக்கும் அது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உறுப்பினர் நம்மை நம்பித்தான் கொடுத்தார். முகாமுக்கு வயதும் பாலும் போதுமென்றால் அந்த இரண்டையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழு எண் உள்ள கோப்பு செயலாளரிடம் கடவுச்சொல்லோடு இருக்கட்டும். அதைப் புலனக் குழுவில் பகிராதீர்கள்.

மற்றவர்களுக்கு அனுப்பும் பட்டியலில், வெட்டி எடுத்த விடைகளை நகலெடுத்து 'வேல்யூஸ்' ஆக ஒட்டிவிட்டு, அதன் பிறகு ஐசி நெடுவரிசையை அழியுங்கள். ஒட்டாமல் அழித்தால் சூத்திரங்கள் எல்லாம் பிழை காட்டும். சரிபார்ப்புக்கு அடையாளம் வேண்டுமென்றால் =""&ரைட்(சி2,4) போதும்.

இன்னொன்று, இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன். நம் சமூகத்தில் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை இல்லாமல் சிரமப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 12 இலக்கம் இல்லாமல் படிவம் போகாது என்று நீங்கள் வைத்தால், அவர்கள் முதல் பக்கத்திலேயே திரும்பிவிடுவார்கள். தேவார வகுப்புக்கு ஐசி எதற்கு? படிவத்தில் "பிறந்த தேதி" என்று ஒரு கட்டத்தைத் தனியாக வையுங்கள். ஐசி கட்டத்தைக் கட்டாயம் ஆக்காதீர்கள். சூத்திரம் வேலை செய்யாத வரிசைக்குப் பின்னால் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வரிசையை அழிக்கும் முன் யாரென்று விசாரியுங்கள். ஒருவேளை அந்தப் பிள்ளைக்குத்தான் கிளையின் உதவி அதிகம் தேவைப்படும்.

பயிற்சி

1. கற்பனை எண் 991231080001. மாதத்தையும் பிறந்த இடத்தையும் எடுக்கும் சூத்திரங்கள் எவை? பால் என்ன?
2. பி2-இல் 10203140000 என்று 11 இலக்கம் இருக்கிறது. தொலைந்தது பூஜ்யம்தான் என்றால், சுத்தம் செய்தபின் பிறந்த தேதி என்ன?
3. தேவி என்ற பெயருக்கு லென் என்ன விடை தரும்?

விடைகள்: 1. =மிட்(சி2,3,2) 12 தரும்; =மிட்(சி2,7,2) 08 தரும், அதாவது பேராக்; கடைசி இலக்கம் 1, ஆண். 2. 010203140000, எனவே 2001 பிப்ரவரி 3. 3. தே-க்கு 2, வி-க்கு 2, மொத்தம் 4.

மூன்றும் சரியா? அப்படியானால் உங்கள் கிளைப் பதிவேட்டைத் திறந்து, நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, ஐசி நெடுவரிசைக்குப் பக்கத்தில் லென் போட்டுப் பாருங்கள். 11 என்று எத்தனை வரிசை காட்டுகிறதோ, அத்தனை பேருக்கு உங்கள் போன் போகட்டும்.